தண்ணீர் மேல் போட்ட பழி

எடமலைப்பட்டி புதூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் வீட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரில் போடுகிற உப்புப் பையை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த அவர் தெருக்காரர் கேட்டார்.

"சாஃப்ட்னர் மாட்டுனதுக்கு அப்புறம் வீட்ல அவங்களுக்கு முடி கொட்டறது நின்னுச்சா?"

"அது தண்ணியால இல்லைங்க. நான் துபாய்ல இருந்தப்ப, போர் தண்ணி ஒரே உப்பு, அதான் முடி கொட்டுதுன்னு போன்ல சொன்னா. நம்பி இதை மாட்டச் சொன்னேன். லீவுல வந்தப்பதான் தெரிஞ்சுது. கேன்சருக்கு மருந்து ஏத்திக்கிட்டு இருந்திருக்கா."

கேட்டவர் மடியில் இருந்த பையைப் பார்த்து, "அப்ப இந்த உப்பு எதுக்குங்க?" என்றார்.

"மருந்து ஏத்தறது முடிஞ்சிருச்சு. இனிமே முளைக்கிற முடிக்காவது நல்ல தண்ணி வேணும்ல."