ஊறப்போடாத படகு

மழைக்காலத்தில் எனாமல் பெயிண்ட் காய ஐந்து நாள் ஆகும், ஐயா. வெயில் நாளில் இரண்டே நாள். இது தெரியாமல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, தூசி ஒட்டிக்கொண்டது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் படகுக் கொட்டகையின் சாவியை என் இடுப்பிலேயே வைத்திருந்தேன். சாவியிலிருந்து ஆரம்பி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் மதலைமுத்து. வயது ஐம்பத்தெட்டு. கடலூர் துறைமுகத்தில் இருபத்தேழு வருஷம் படகு அடைக்கிற வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசுவது. இந்தச் செஞ்சியில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான். தண்ணீர் என்றால் இவர்களுக்குக் கிணறும் ஏரியும்தான். நான் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லை.

படகு மாதா கோயிலுக்குப் பின்னால் கிடந்தது. கப்பல் மூழ்கினால் ஆட்களை ஏற்றித் தப்பிக்க வைப்பார்களே, அந்த வகை. எங்கள் நைனா காலத்தில் பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் இரண்டு மாட்டுவண்டிகளைச் சேர்த்துக் கட்டி, பாண்டிச்சேரியிலிருந்து ஏற்றிவந்தாராம். அந்த வருஷத்து வெள்ளத்தில் நாற்பது பேரைக் கரைசேர்த்தது. அப்புறம் கோழி முட்டையிடத்தான் பயன்பட்டது. போன வருஷம், அறுபத்தைந்தில், தனசேகரன் வாத்தியார் ஒரு சங்கம் ஆரம்பித்தார். ஊருக்குப் பொதுவாகப் படகைப் புதுப்பிப்போம், கூலி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை என்றார். பதினைந்து பேர் சேர்ந்தார்கள். எங்கள் கோயில் ஆட்கள் பாதி, ஆற்றுக்கு அக்கரைக் குடிசைகளிலிருந்து பாதி. வேலை சொல்லிக்கொடுக்க என்னை வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் மேஸ்திரி, மேஸ்திரி என்றார்கள்.

அக்கரைக்காரர்களில் இளையபெருமாள் என்று ஒருவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். செங்கல் அறுக்கிறவன், கை அவ்வளவு உறுதி. படகின் அடிப்பாகம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது அவன்தான். புரட்டாசியில் சங்கம் கூடியது. கிறிஸ்து அரசர் திருநாளன்று மேற்றிராணியார், அதுதான் பிஷப், வந்து தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரிப்பார், அன்று முதல் துடுப்பு இளையபெருமாள் கையில் என்று முடிவு செய்தார்கள். வெள்ளம் முதலில் அக்கரைக்குத்தான் வரும், ஆகையால் திருநாள் முடிந்ததும் படகை அங்கே கட்டிவிட்டு, பொறுப்பையும் அவனிடமே கொடுத்துவிடுவது என்றும் பேசினார்கள். எனக்கு வயதாகிவிட்டதாம். சரி என்று நானும் கையைத் தூக்கினேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அதையும் எழுதுங்கள்.

வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த படகை எடுத்த எடுப்பில் தண்ணீரில் விடக் கூடாது, ஐயா. பலகை ஊறி உப்பினால்தான் இடுக்கு மூடும். இதைப் புரியவைக்க நான் பாடுபடவே இல்லை. பட்டை கழன்ற வண்டிச்சக்கரத்தைக் குட்டையில் ஊறப்போடுகிற ஊர், சொன்னதும் தலையாட்டினார்கள். திருநாளுக்கு முந்திய வியாழக்கிழமை படகை ஏரியில் அமுக்கி, மூன்று நாள் ஊறப்போடுவதாக ஏற்பாடு.

வெள்ளம் திங்கட்கிழமையே வந்துவிட்டது.

காலை எட்டு மணி இருக்கும். அக்கரையில் ஒரு குடிசைகூட மிச்சமில்லை. முக்கால்வாசிப் பேர் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஓட முடியாத ஏழு பேர் செங்கல் சூளைமேல் ஏறி நின்றார்கள். கல்லை அடுக்கிவைத்து, மழை பிடித்துக்கொண்டதால் தீ மூட்டாமல் விட்ட சூளை. அத்தனையும் பச்சைக் கல். பச்சைக் கல் தண்ணீரில் என்ன ஆகும் என்று அதை அறுத்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இளையபெருமாள் முந்தின நாள் ஒரு வேலையாக இக்கரைக்கு வந்து மாட்டிக்கொண்டிருந்தான். சூளைமேல் அவன் பெண்சாதி அமிர்தவல்லியும் இரண்டு பெண்பிள்ளைகளும் நின்றார்கள்.

கொட்டகை வாசலுக்கு ஓடிவந்தான். கத்தவில்லை.

"சூள அடியில கரையுது மேஸ்திரி. சாவியக் குடுங்க. நாலு பேர் ரெடியா இருக்கறோம்."

"பலக ஊறலப்பா. ஆத்து நடுவுல வாயப் பொளந்துக்கும். நீங்க நாலு பேரும் சேந்து போயிடுவீங்க."

"போனா போறோம்."

நான் வாத்தியாரைப் பார்த்து, ஊறாத சக்கரத்தில் யாராவது பாரம் ஏற்றுவார்களா என்று கேட்டேன். படித்தவர், யோசித்தார். யோசித்துவிட்டு இளையபெருமாளின் தோளைப் பிடித்து நிறுத்தினார். பூட்டை உடைக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள். மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. கொஞ்ச நேரத்தில் அவனே நம்பிவிட்டான். வாழைமரம் வெட்டித் தெப்பம் கட்டினார்கள். முதல் தெப்பம் சுழலில் பிரிந்தது. போனவன் நீந்தித் திரும்பிவிட்டான். இரண்டாவதைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, பத்தரை மணிக்கு, சூளை உட்கார்ந்துவிட்டது. பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஏழு பேரையும் அடக்கம் செய்த துக்கத்தில் அந்த வியாழக்கிழமை யாரும் வேலைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேற்றிராணியார் மட்டும் சொன்னபடி வந்தார். இறந்தவர்களுக்காக ஒரு ஜெபம் சொன்னார். நான் கதவைத் திறந்தேன். பச்சை உடம்பு, வெள்ளைக் கோடு, அப்படி ஒரு பளபளப்பு. கொட்டகையிலிருந்து நேராகத் தூக்கிப்போய் ஏரியில் விட்டோம். பத்துப் பேர் ஏறினார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. என் கைவேலையைப் பார்த்து நானே மயங்கிப்போய் நின்றேன். தப்பு என்றால் நான் செய்த ஒரே தப்பு அதுதான். மொட்டைத் தலையோடு கரையில் நின்றிருந்த இளையபெருமாள் குனிந்து, உள்பலகையைக் கையால் தடவிப் பார்த்தான்.

"ஊறப்போடவே இல்லியே மேஸ்திரி" என்றான். அவ்வளவுதான். அங்கிருந்து உங்களிடம் வந்துவிட்டான்.

சரி, சொல்கிறேன். படகு ஊறித்தான் இருந்தது. மற்றவர்கள் பிழைப்பைப் பார்க்கப் போன வாரநாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு, கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சேந்தி ஊற்றி, படகின் உள்ளே நிரப்பி ஐந்து நாள் வைத்திருந்தேன். ஏரியில் அமுக்கினால் வெளிப்பக்கப் பெயிண்ட் பாழாகும். இதையெல்லாம் அவர்களிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அப்புறம் மேஸ்திரி எதற்கு? வெள்ளத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை தண்ணீரை இறைத்துத் துடைத்தேன். சனிக்கிழமை வெள்ளைக் கோடு போட்டேன். திங்கட்கிழமை காலை அந்தப் படகைக் கடலில் விட்டிருந்தாலும் மிதந்திருக்கும். அவன் சாவி கேட்டபோது எனக்கு அது தெரியும். தெரிந்துதான் ஊறவில்லை என்றேன்.

சாதி பார்த்தேன் என்று வெளியே பேசுகிறார்களாம். அபாண்டம். துடுப்பு கைமாறிப்போன பொறாமை என்று வாத்தியார் எழுதிக்கொடுத்திருக்கிறாராம். அவனிடம் எனக்கு என்ன பொறாமை? நீங்கள் தூக்கில் போட்டாலும் இதையேதான் சொல்வேன், மன்னிப்புக் கேட்க மாட்டேன். இன்னும் மந்திரிக்கவில்லை. கோடு காயவில்லை. சேற்றுக் காலோடு நாலு பேர் ஏறிப்போய் எங்காவது மோதியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை எதை எடுத்துக் காட்டுவது? ஒரு வருஷம் பாடுபட்டு ஊருக்காகச் செய்த படகு, ஐயா. ஒருத்தன் தன் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்டு போக நான் எப்படி விடுவேன்?