இன்னாசி வாசல் வரைக்கும் வந்தார்

அன்பானவங்களே, பிரசங்கத்தைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு சின்னக் கதை சொல்றேன். கேளுங்க...

ஒரு துறைமுகத்துல மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துல பட்டறை வச்சிருந்தாங்க. ரெண்டு பேருக்குமே படகு எஞ்சின் பாக்குற வேலை. மச்சான் பேரு இன்னாசி. அவர் தங்கச்சி பவுலினைக் கட்டுனவரு கிளமென்ட். ஒரே டம்ளர் டீயை மாத்தி மாத்திக் குடிச்ச ஆளுங்க.

பவுலினுக்குப் பிள்ளை பொறந்துச்சு. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனா கிளமென்ட் தன் கூட்டாளியை நிறுத்திட்டாரு. 'தாய்மாமன் நான் இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்டானா?'ன்னு இன்னாசிக்குக் கோபம். அவ்வளவுதான்... பேச்சு நின்னு போச்சு.

ஒருநாள் கிளமென்ட்கிட்ட அவசரமா ஒரு எஞ்சின் வந்துச்சு. வால்வைக் கழட்டணும். வால்வு மேல ஒரு ஸ்பிரிங் இருக்கும், முழு பலத்தையும் அடக்கி வச்சுக்கிட்டு. அதை அமுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் உண்டு. மெதுவா திருகி அமுக்கி, ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற சின்னப் பூட்டை எடுத்துட்டு, மெதுவா விடணும். அந்தக் கிளாம்ப் யார்கிட்ட இருக்கு? இன்னாசிகிட்ட!

சோறு கொண்டுவந்த பவுலின் கேட்டா: "அண்ணன்கிட்ட நான் வாங்கிட்டு வரட்டா?"

"வேண்டாம். அவர் வாசல்ல நம்ம போய் நிக்கணுமா? எனக்குக் கை இருக்கு."

ஒரு ஸ்பேனரை வச்சு ஸ்பிரிங்கை அழுத்திக்கிட்டு, குனிஞ்சு, ஸ்க்ரூ டிரைவரால பூட்டை நெம்புறாரு.

பக்கத்துப் பட்டறையில இருந்து இன்னாசி பாக்குறாரு. தொழில் தெரிஞ்சவரு, பதறாம இருப்பாரா? சுவத்துல மாட்டியிருந்த கிளாம்பை எடுத்தாரு. தன் பட்டறை வாசல் வரைக்கும் வந்தாரு... நின்னாரு. 'ஏன், வந்து கேட்டா வாய் தேஞ்சா போகும்?' திரும்பிப் போனாரு. ஆணியில மாட்டுனாரு.

அப்பதான் பவுலின் அலறுன சத்தம் கேட்டுச்சு.

ஸ்பேனர் வழுக்கிருச்சு. ஸ்பிரிங் தெறிச்சு நேரா கண்ணுல...

இன்னாசிதான் தூக்கிக்கிட்டு ஓடுனாரு. டாக்டருங்க என்னென்னமோ பாத்தாங்க. வலது கண்ணு போயிருச்சு.

கட்டில் பக்கத்துல உக்காந்து இன்னாசி தேம்புறாரு. "மாப்ள... நான் பாத்தேன். கையில எடுத்தேன். வாசல் வரைக்கும் வந்தேன்..."

கட்டுப் போட்ட முகத்தை கிளமென்ட் அவர் பக்கம் திருப்புனாரு. என்ன சொன்னாரு தெரியுமா? ஏசலை. கோபப்படலை.

"வந்தீங்களா மச்சான்? ...எனக்குத் தெரியாமப் போச்சே."

பவுலின் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டா.

இப்ப அவங்க ஒத்துமையாத்தான் இருக்காங்க. ஒரே பட்டறை. ஆனா இன்னாசி இன்னைக்கும் மாப்பிள்ளை முகத்தை நேராப் பாத்துப் பேச மாட்டாரு...

என் சனங்களே, அவர் கெட்டவரா? இல்லையே! அன்பு இருந்துச்சு. எடுத்துட்டுப் புறப்படவும் செஞ்சுச்சு. ஆனா உள்ளுக்குள்ள புறப்பட்ட அன்பு எதிராளிக்கு எப்படித் தெரியும்? 'அவன் வந்து கேக்கட்டும்'னு நீங்களும் யாருக்காகக் காத்திருக்கீங்க? அண்ணனா? மருமகளா? பக்கத்து வீடா? நீங்க காத்திருக்கிற நேரத்துல அங்க என்ன உடையுதோ, யாருக்குத் தெரியும்?

பூசை முடிஞ்சு போற வழியில அந்த வீடு இருந்தா, படியேறிப் போங்க. என்ன பேசுறதுன்னு தெரியலையா? தெரியாமலே போங்க... போங்கய்யா.