பச்சை ஒயர்

தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்கிறவர்கள்தான் பாத்திரம் கழுவும் மெஷினைக் கெடுக்கிறார்கள். இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. மெஷின் சரியில்லை, நம் ஊர்ச் சமையலுக்கு ஒத்துவராது என்பார்கள். நாலு கறிவேப்பிலையும் ஒரு மிளகாய்க் காம்பும் அடியில் இருக்கிற வடிகட்டியில் போய் உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் எப்படி இறங்கும்? எங்கள் வீட்டு மெஷின் முதல் தடவை நின்றது அதனால்தான். வடிகட்டியைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். பத்து நிமிட வேலை. மறுபடி ஓடியது.

சப்-இன்ஸ்பெக்டர் அகல்யா அவர்களே, நீங்கள் என்னை எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் காகிதம் கேட்டு வாங்கினேன். கேஸ் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னீர்கள். ஆனாலும் உங்கள் அறிக்கையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு முன்கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

என் பெயர் நவநீதகிருஷ்ணன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் இருபத்தெட்டு வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். அப்பாவுக்குத் தச்சு வேலை. எங்கள் வீட்டுக்குள் வெளியாள் வந்து எதையும் பழுது பார்த்தது கிடையாது. மிக்சி, தண்ணீர் மோட்டார், தையல் மெஷின், என் மனைவி ஹேமாவதியின் மூக்குக்கண்ணாடி வரை எல்லாம் என் கைதான். காரைக்குடியில் எங்கள் தெருக்காரர்கள் எதையாவது தூக்கிக்கொண்டு வராத வாரம் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

மெஷினை வாங்கி அனுப்பியது பெங்களூரில் இருக்கும் மகள் சண்முகப்ரியா. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி என்று அனுப்பினாள். அதற்கு முன் பதினோரு வருடம் எங்கள் பாத்திரங்களைக் கழுவியது கண்டனூரிலிருந்து பஸ்ஸில் வரும் மலையம்மாள். மெஷின் வந்த பிறகும் அவளை நிறுத்தவில்லை. வீடு கூட்டுவது, துடைப்பது, காய் நறுக்குவது என்று வேலை இருந்தது. மெஷின் ஓடும்போது இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பாள்.

"இது ஒரு வாட்டி சுத்தி முடிக்கங்குள்ள நான் மூணு வீட்டுப் பாத்திரத்தக் கழுவிக் கவுத்திட்டு ஊருக்கே போயிருவேன்யா" என்பாள்.

எனக்கு அவள் மேல் ஒரு கோபமும் இருந்ததில்லை. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பழுது ஹீட்டர். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர். உப்பு படிந்து படிந்து, தண்ணீரைச் சுட வைக்கும் கம்பி உள்ளே விரிசல் விட்டுவிட்டது. கரண்ட் கசிந்து, மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மெயின் போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும். வீடே இருண்டுவிடும். சனிக்கிழமை விழுந்தது. ஞாயிறு இரண்டு தடவை விழுந்தது. ஒரு முழுக் கழுவலுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் பாதியைக் கூடத் தாண்டவில்லை. எச்சில் பாத்திரத்தோடு கதவைத் திறந்தால் வரும் நாற்றத்தை ஹேமா பொறுத்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்முகப்ரியா மாமனார் மாமியாரோடு வருவதாக இருந்தது. ஹேமா என்னைக் கேட்காமல் செக்காலையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வீரபாண்டியனுக்கு போன் போட்டுவிட்டாள். அவன் என்னிடம் படித்தவன். அரத்தை நேராகப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு வருடம் என்னிடம் ஃபெயிலானவன்.

"ஹீட்டர் போயிருச்சாம்ங்க. வேற வரவழைக்கப் பத்து நாளாகுமாம். அதுவரைக்கும் பிளக்க உருவி வச்சிருங்கம்மாங்குறான்" என்றாள் ஹேமா. பிறகு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க ஓட்டிக் காமிச்சா சரி. இல்லாட்டி அவனையே வந்து கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிருவேன். சம்பந்தி வீட்டு ஆளுக முன்னால இது இப்படிக் கெடக்கக் கூடாது" என்றாள்.

மெஷினைக் கண்ணால் பார்க்காமலே சொல்லிவிட்டான். சரியாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் என் அடுப்படியில் உட்கார்ந்து நான் மாட்டிய திருகாணிகளைக் கழற்றுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கரண்ட் கசிந்து எங்கே போகிறது? பிளக்கில் இருக்கும் பச்சை ஒயர் வழியாகப் பூமிக்குப் போகிறது. போவது தெரிந்ததும் டிரிப் சுவிட்ச் விழுகிறது. பச்சை ஒயரை எடுத்துவிட்டால் கரண்ட் போக வழியில்லை, மெஷினின் தகட்டிலேயே நிற்கும். சுவிட்சும் விழாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதைச் செய்தேன். ஒயரை வெட்டிவிட்டு விடவில்லை. நுனியை மடித்து, டேப் சுற்றி, ஒழுங்காகக் கட்டி வைத்தேன். எந்த வேலையையும் அரைகுறையாக விடுவது என் வழக்கம் இல்லை.

புதன்கிழமை காலையில் ஓட்டினேன். நாற்பது நிமிடம் தாண்டியது. அப்போது மலையம்மாள் கதவில் வழிந்திருந்த குழம்பை ஈரத்துணியால் துடைத்தாள். அந்த நொடியே டிரிப் சுவிட்ச் விழுந்தது.

"அய்யா, சுர்ருங்குதுய்யா" என்று கையை உதறினாள். "என்னய்யா வச்சிருக்கீக இதுக்குள்ள?"

"ஈரக்கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும். புது மாடல்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று சிரித்துவிட்டு வெளியே துடைக்கப் போய்விட்டாள்.

நான் போர்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். விஷயம் விளங்கிவிட்டது. கரண்ட் அவள் உடம்பு வழியாகப் பூமிக்குப் போயிருக்கிறது, சுவிட்ச் அதைக் கண்டுபிடித்து விழுந்திருக்கிறது. அவள் பிழைத்தது அதனால். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பிளக்கை உருவியிருப்பார்கள். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். யார் தொட்டாலும் என் மெஷின் நின்றுவிடும். அன்று மத்தியானம் டிரிப் சுவிட்ச் வழியாகப் போகாமல், மெயினிலிருந்து நேராக மெஷினுக்குத் தனி லைன் இழுத்தேன். நடுவில் ஒரு சாதாரண சுவிட்ச் வைத்தேன். நல்ல வேலை. ஒயர் ஒரு இடத்தில் கூடத் தொங்கவில்லை.

டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். மெஷினின் கைப்பிடியில் வைத்ததும் டெஸ்டர் விளக்கு நன்றாக எரிந்தது.

எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி வாங்கினேன். எனக்குக் குதிகால் வலி என்று சொல்லிப் போட்டுக்கொண்டேன். ஹேமாவுக்கு நீட்டியபோது என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் அடுப்படியின் மூலையிலேயே சாமி படமும் விளக்கும் இருக்கின்றன. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அந்தத் தரையில் யாரும் செருப்போடு நடந்ததில்லை.

"விளக்கெரியுற எடத்துலயா? நீங்க போட்டுக்கிட்டு நிக்கிறதே எனக்குப் பொறுக்கல. இதுல எனக்கு வேறயா?" என்றாள்.

ஹேமாவே மாட்டேன் என்ற இடத்தில், வேலைக்கு வரும் மலையம்மாளிடம் செருப்பை நீட்டினால் அவள் வாங்கியிருப்பாளா? கொல்லைக் கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வருகிறவள் அவள். கேட்டிருந்தாலும் பயனில்லை. அதனால் கேட்கவில்லை.

ஹேமாவுக்கு வேறு வழி செய்தேன். பாத்திரம் அடுக்குவது, எடுப்பது, கதவு துடைப்பது எல்லாம் இனி நான் என்றேன். "அப்பா இப்பல்லாம் அடுப்படி வேலையப் பாக்குறாகடி" என்று மகளிடம் போனில் சொல்லி மகிழ்ந்தாள். வியாழக்கிழமை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் இருபது நிமிடம் என்று காட்டியது. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் ஹேமா கரண்டி ஒன்றைத் தேடிக்கொண்டு கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டிவிட்டாள். ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். மெஷின் நின்றது. அந்த ரகத்தில் ஒரு தடவை அணைத்தால் எல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஹேமா முகத்தைச் சுளித்து, "பாத்தீகளா, இன்னைக்கும் நின்னு போச்சு. நாளைக்கு ஒரு நாள் பாப்பேன்" என்றாள். அவளுக்காக ஒரு முழுக் கழுவலையே விட்டுக்கொடுத்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஹேமா கோயிலுக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு மெஷினை ஓட்டினேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழிந்தது. மலையம்மாள் வாளியும் துணியுமாக வந்தாள்.

"அடுப்படியத் தொடச்சு விட்டுரவாய்யா? ஞாயித்துக்கெழம விருந்தாளுக வாராகல்ல."

சரி என்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

அவள் குத்துக்காலிட்டு அங்குட்டுக் கோடியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். மருமகள் முத்தழகுக்கு ஏழாம் மாசம், வளைகாப்புக்கு அம்மாவும் நீங்களும் கண்டிப்பாக வரணும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மெஷினில் மீதி நிமிடம் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து என்று காட்டியது. ஏழு என்று காட்டியது. அந்த மெஷின் ஒரு வாரமாக அந்த எண்களைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு முழங்கால் வலி உண்டு, எதையாவது பிடித்துத்தான் எழுந்திருப்பாள். அதுவும் எனக்குத் தெரியும். நாலு என்று காட்டியபோது ஒரு கையால் இரும்புத் தண்ணீர்க் குழாயைப் பிடித்தாள், மற்றக் கையால் மெஷினின் கைப்பிடியைப் பிடித்தாள்.

அவள் கத்தவில்லை. கத்த முடியாது. என்னைப் பார்த்தாள் என்றும் சொல்ல முடியாது. கண் என் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வியாழக்கிழமை போல ஓடக்கூடத் தேவையில்லை. அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி ஒன்றரை மணி நேரம், அதற்குள் ஹேமா வந்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டியன் வந்துவிடுவான். நாலே நிமிடம்தானே என்று நினைத்தேன். அவள் கண்ணாடி வளையல்கள் கதவில் தட்டிக்கொண்டே இருந்தன. மூன்று என்று காட்டும்போதும் தட்டின. இரண்டு என்று காட்டும்போதும் தட்டின. ஒன்றில் சத்தம் நின்றது. மெஷின் முடித்துவிட்டு மூன்று தடவை மணி அடித்தது. பிறகு சுவிட்சை அணைத்தேன். 108-க்கு போன் செய்தேன். அவர்கள் வருவதற்குள் கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு டம்ளரில் கூடக் கறை இல்லை.

இனி நான் சொல்ல வந்த திருத்தம். மெஷினைப் பரிசோதிக்க நீங்கள் வீரபாண்டியனைக் கூட்டி வந்தீர்கள். அவன் என் லைனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். அதை வைத்து, "மின்சாரம் பற்றிய விவரம் அறியாத முதியவர் தாமே செய்த கோளாறான பழுதுபார்ப்பால் நேர்ந்த விபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். இரக்கப்பட்டுத்தான் எழுதியிருப்பீர்கள். ஹேமா அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெரியாமத்தான பண்ணீக என்று கேட்டுக் கேட்டு அழுதாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

விவரம் அறியாமல் நான் எதையும் செய்யவில்லை. பச்சை ஒயரை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். கைப்பிடியில் கரண்ட் நிற்பது தெரியும். என் வேலையில் கோளாறு எதுவும் இல்லை, மெஷின் கடைசி நிமிடம் வரை ஓடி முடித்தது. அந்த வரியை அடித்துவிட்டு, உள்ளதை எழுதுங்கள். மலையம்மாள் செத்தது என் ரிப்பேரினால் அல்ல. நான் சுவிட்சை அணைக்காததால்.