ஈரச் சாக்கு

மருமகள்: மெதுவா அத்தை! கால் சுத்துதானே சொன்னேன்!

மாமியார்: எந்தக் கால்டி? எனக்கிருக்கற ரெண்டும் ஏற்கெனவே நடுங்குது.

மருமகள்: ஐயோ, ஜாக்கியைக் கால்வாசி சுத்தச் சொன்னேன். ம்... போதும். சுவரோட பாரம் முட்டுக்கட்டைக்கு வந்தாச்சு. இனிமே கதவுக்கு மேல சுவரைத் தாங்கற பழைய மரக்கட்டையை உருவிடலாம்.

மாமியார்: உருவினதும் வீடு நம்ம தலையில உக்காந்துடாதே?

மருமகள்: பதினோரு வருஷமா கட்டட சைட்ல நிக்கறேன், என்னை நம்ப மாட்டீங்களா? இந்தாங்க... உளியால லேசாத்தான் குத்தறேன்.

மாமியார்: அடி ஆத்தி! மாவா உதிருதே!

மருமகள்: உள்ள பூரா கரையான். இத்தனை நாள் சுவரைத் தாங்கினது பெயின்ட்தான் போல. அத்தை, காலையில இங்கேர்ந்து விழுந்துச்சே, அந்தப் பூனை காலண்டர்...

மாமியார்: பூனைக்கு என்ன குறைச்சல்?

மருமகள்: பூனைக்கு ஒண்ணுமில்ல. மூணு வருஷம் பழசு. அதுவும் கதவுக்கு மேல. தேதி பார்க்கணும்னா ஏணி வேணும்.

மாமியார்: ...சரி, விரிசலை மறைக்கத்தான் மாட்டினேன். போதுமா? சுவர்ல ஒரு கோடு விழுந்தாலும் வித்துட்டு ஃப்ளாட்டுக்குப் போயிடலாம்னு உன் புருஷன் சொல்லிக்கிட்டே இருந்தானே! வாசல்ல மெஷினைப் போட்டு இருபது வருஷமா தைக்கறேன். ஒன்பதாவது மாடியில என்னை எவ தேடி வருவா?

மருமகள்: அழாதீங்க அத்தை. இதுக்குப் பதிலா வைக்க, மொட்டை மாடியில இருக்கற கான்கிரீட் கட்டையை எடுத்துட்டு வரேன். பக்கத்துல பக்கத்துல வைக்கற மாதிரி ரெண்டு துண்டாத்தான் வார்த்திருக்கேன், தூக்கிடலாம்.

மாமியார்: இரு இரு... காலண்டர் விழுந்து நீ விரிசலைப் பார்த்தது இன்னைக்குக் காலையில. அந்தக் கட்டையை எப்போ வார்த்த?

மருமகள்: அது... ஒரு மூணு வாரம்... காலண்டருக்குப் பின்னால அப்பவே பார்த்துட்டேன்.

மாமியார்: அடி கள்ளி! தினமும் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னு போனியே!

மருமகள்: கான்கிரீட்டும் தண்ணி குடிச்சாத்தானே அத்தை கெட்டியாகும். மேல சாக்கைப் போர்த்தி ஊத்திக்கிட்டே இருக்கணும்.

மாமியார்: செடின்னு ஒரு சாக்கு, அதுக்கடியில இன்னொரு சாக்கு! என்கிட்ட சொல்றதுக்கென்ன?

மருமகள்: நீங்க பயந்து அவர்கிட்ட சொல்லிட்டா? நான் வாடகை வீட்டுலயே வளர்ந்தவ. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரர்கிட்ட கேட்கணும். இங்க வந்த அன்னைக்கு நீங்க சுத்தியலைக் கையில குடுத்து, எங்க வேணா அடிச்சுக்கோன்னீங்க. இந்த வீட்டை விட எனக்கு மனசே வரல அத்தை.

மாமியார்: ...நடுவுல நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போனியே. அப்போ?

மருமகள்: காஞ்சு வெடிச்சிருக்கும்னு பதறி ஓடி வந்தேன். பார்த்தா சாக்கு சொட்டச் சொட்ட ஈரம். மழை பேஞ்சிருக்கும்.

மாமியார்: மழையா? கொடியில போட்ட துணியெல்லாம் மொறுமொறுன்னு காஞ்சுதே!

மருமகள்: கடவுள் புண்ணியம்னு வச்சுக்கோங்க. பழைய கட்டைதான் உருவியாச்சே, இந்தப் புதுசைத் தூக்குங்க... அப்படித்தான்... முதல் துண்டு உக்காந்தாச்சு!

மாமியார்: மூச்சு வாங்குதுடி...

மருமகள்: இன்னும் ஒண்ணுதான் அத்தை. கண்ணை மூடிக்கிட்டு தூக்குங்க. ஐயோ... விட்டுடாதீங்க!

மாமியார்: விடல... ஏண்டி, திடீர்னு லேசாயிடுச்சே?

மகன்: கையை எடும்மா. நான் பிடிச்சுட்டேன்.

மாமியார்: நீ எப்போடா வந்த!

மகன்: வழியில கார் டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்தா ஜாக்கியைக் காணோம். ஆட்டோ பிடிச்சு வரேன்... தள்ளு, இந்தப் பக்கம் தள்ளு... ம். உக்காந்துடுச்சு.

மருமகள்: கோவிச்சுக்காதீங்க. மறைச்சது தப்புதான். ஆனா வீட்டை மட்டும்...

மாமியார்: இப்போதான் சரி பண்ணியாச்சேடா! வித்துடாதே!

மகன்: இந்தப் பழைய வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு இருக்கீங்களோன்னுதான் விக்கலாம்னு சொன்னேன். எனக்கென்ன ஆசையா? அவ ஊருக்குப் போன நாலு நாளும், காலையும் சாயங்காலமும் அந்தச் சாக்குக்குக் குடம் குடமா நான் தண்ணி ஊத்தினது பின்ன மழையாக்கும்?