சாவி கேட்காத வாட்ச்

— நிக்கலையா? எங்க வீட்டுல நிக்கிற வாட்ச்சு உன் கடைல மட்டும் எப்படி நிக்காமப் போகும், மாரிசெல்வி? மில்லுல மேஸ்திரியா இருந்தவன்ட்ட கத சொல்லாத.

— சத்தத்தக் கொறைங்க, சமுத்திரம் அண்ணாச்சி. இது மில்லு இல்ல, வாட்ச் ரிப்பேர் கடை. நீங்க போடுற சத்தத்துக்குத் தேரடி வரைக்கும் திரும்பிப் பாக்குது.

— என் தொண்ட அப்படி. மிஷின் ஓடுற எடத்துல மெள்ளப் பேசிப் பழக்கமில்ல. பாயிண்ட்டுக்கு வா.

— பாயிண்ட்டு இதுதான். போன வாரம் குடுத்துட்டுப் போனீக. அன்னைக்கே மறுபடியும் பிரிச்சுக் கழுவி, எண்ணெய் போட்டு, என் கையில கட்டிக்கிட்டேன். கடை தொறக்க, சமைக்க, பஸ் ஏற, எல்லாத்துக்கும் கையிலயேதான் கெடந்துச்சு. கையில இருந்த வரைக்கும் ஒரு வாட்டி நிக்கல. நேரமும் தப்பல.

— உன் கையில ஓடும். ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனா நிக்கும். சீவில்லிபுத்தூர் காத்துல மட்டுந்தான் ஓடுவேன்னு ஆண்டாள்ட்ட சத்தியம் பண்ணிருக்கோ?

— கேலி வேணாம். நான் சாமான மாத்திட்டேன்னு நெனப்பிருந்தா நேராக் கேளுங்க. மொத தடவ வந்தப்பவே, பொம்பளப்பிள்ளையா வாட்ச் பாக்குதுன்னு வாசல்ல நின்னு கேட்ட ஆளுதான நீங்க.

— நேராவே கேக்கேன். இது எங்க மாமனார் வாட்ச்சு. தேவதானத்துக்காரரு, பட்டாளத்துல இருக்கும்போது வாங்குனது. சாகப்போற வரைக்கும் கைய விட்டு எறங்கல. ஒரு நா அவரு சாவி குடுத்து நான் பாத்ததில்ல. ‘இது தானா ஓடுற வாட்ச்சு, மாப்ள’ன்னு ஊரெல்லாம் பெரும பேசுவாரு. அவருக்கு ஓடுனது எங்களுக்கு ஓடலன்னா, உன் கை பட்ட பொறவுதான?

— என் கை படுறதுக்கு முன்ன பீரோவுக்குள்ள துரு ஏறிக் கெடந்துச்சு. அதையும் சேத்துச் சொல்லுங்க.

— அது கெடக்கட்டும்.

— செத்த பொறுங்க. உங்க கையக் காட்டுங்க.

— எதுக்கு? ரேகை பாக்கப் போறியா?

— இந்தப் பட்டையப் பாருங்க. கடைசி ஓட்டைல மாட்டி மாட்டி மடிப்பு விழுந்திருக்கு. உங்க மணிக்கட்டு இருக்கிற தண்டிக்கு மொத ஓட்டையே எட்டாது. இத நீங்க கட்டல. யாரு கட்டுறா?

— செல்லத்தாயி.

— மதினியா?

— அவ அப்பாரு வாட்ச்சுதான. கூடப்பொறந்த ஆம்பளைக ரெண்டு பேரு நிக்க, இவ கையிலதான் கழட்டிக் குடுத்துட்டுக் கண்ண மூடுனாரு. இம்புட்டுப் பெரிய வாட்ச்சக் கட்டிக்கிட்டுப் பொம்பள எப்படித் தெருவுல போறதுன்னு கூச்சப்பட்டு பீரோல வச்சுப் பூட்டிட்டா. இப்ப நாந்தான் எடுத்துக் கட்டிவிட்டேன்.

— நல்ல காரியம். மதினிய ஒருநா கூட்டியாங்க. அவுக கையிலயே கட்டி, எப்படி ஓடுதுன்னு பாத்துருவோம்.

— அவ வர மாட்டா தாயி. படுக்கைல கெடக்கா. வாதம். மொத தடவ வந்தது ஒரு பக்கத்த எடுத்துக்கிச்சு. ரெண்டாந்தடவ வந்தது மிச்சத்தையும் கொண்டு போயிருச்சு. கையுமில்ல, காலுமில்ல, பேச்சுமில்ல. கண்ணு மட்டும் முழிச்சிருக்கும். இனிமே அசைவு வராது, வச்சுப் பாத்துக்கோங்கன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. அந்தக் கண்ணுக்குள்ள அவ இருக்காளா, இல்ல போயிட்டாளான்னே எனக்குத் தெரியல. ஆனா இதக் கட்டிவிட்டு முள்ளு ஓடுச்சுன்னா கண்ணு அங்க போகுது. நின்னுருச்சுன்னா சொவத்தப் பாக்குது. அதுக்குத்தான் உங்கிட்ட இம்புட்டு மல்லுக்கட்டுறேன்.

— இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல, அண்ணாச்சி.

— சொன்னா என்னையப் பாவம் பாப்ப. வாட்ச்சப் பாக்க மாட்ட.

— சரி, இப்படித் திரும்பி உக்காருங்க. மூடியத் தொறக்கேன். உள்ள பாதி நெலா மாதிரி ஒரு தகடு தெரியுதா? கை ஆடுனா அது சுத்தும். அது சுத்துனாத்தான் ஸ்பிரிங்குல முறுக்கு ஏறும். இதுக்குன்னு தனியாச் சாவி குடுக்குற வழியே கெடையாது. உங்க மாமனார் சொன்ன மாதிரி இது தானா ஓடல. கைதான் ஓட்டுது. மனுசன் சும்மா இருக்கிற ஆளு இல்லையே?

— அவரா? சோறு திங்க உக்காந்தாலும் நாலு பேரக் கைய நீட்டி அதட்டாம எந்திரிக்க மாட்டாரு.

— அந்த அதட்டலுதான் இதுக்குச் சாவி. மதினி கை ஆடல, வாட்ச்சு நிக்கிது. என் வேலைலயும் குத்தமில்ல, வாட்ச்சுலயும் குத்தமில்ல.

— நிக்கிறதுக்கு நீ சொல்ற கணக்கு சரி. நின்னது திரும்ப ஓடுதே, அதுக்கு?

— திரும்ப ஓடுதா?

— பெறகு என்ன? காலைல வெந்நி வச்சு ஒடம்பு தொடைக்கும்போது கழட்டி வப்பேன். தொடைச்சு முடிச்சுக் கட்டிவிடுவேன். மத்தியானம் வர ஓடும், நின்னுரும்.

— நீங்க கழட்டி மாட்டுற அசைவுக்கு அம்புட்டுதான் தாங்கும்.

— ராத்திரி வெளக்கணைக்கும்போது பாத்தா, நின்ன எடத்துலயே நிக்கும். விடியக்காலம் போய்ப் பாத்தா முள்ளு ஓடிக்கிட்டிருக்கும், சம்பந்தா சம்பந்தமில்லாத ஒரு மணியக் காட்டிக்கிட்டு. ஒருநா ரெண்டுநா இல்ல, அடிக்கடி. நூல் அறுந்து அறுந்து ஓடுற மிஷினு மாதிரி. நல்ல வாட்ச்சு இப்படிப் பண்ணுமா?

— எண்ணெய் காஞ்சு கெடக்கிற வாட்ச்சுன்னா பண்ணும். இதுவும் அப்படி இருக்குமோன்னு கடைசியா மேசைல வச்சு நிக்க விட்டுப் பாத்தேன். நின்னது நின்னபடியே கெடந்துச்சு, நான் கையில எடுக்குற வரைக்கும். ராத்திரில யாராவது மதினி கையத் தூக்கி வச்சிருப்பாக.

— அது... இருக்கும். எங்க வீட்டுல ஆளுக்கு என்ன கொறச்சல்? மகனும் மருமகளும் ஓசூருல இருந்து வாரவாரம் வந்துருவாக. பக்கத்து வீட்டு இசக்கியம்மாளுக்கு ராவும் பகலும் எங்க வீடுதான். தெருவே வந்து அவ கையப் புடிச்சுப் பாத்துட்டுப் போகும்.

— அப்ப வேல சுளுவு. வாரவுகட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, மதினி கையப் புடிச்சுப் பேசும்போது செத்த நேரம் அப்படி இப்படி ஆட்டிவிடச் சொல்லி. காலைல ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர் ஆட்டுனாப் போதும். நிக்கவே நிக்காது.

— சொல்லணும்.

— அந்த இசக்கியம்மா நம்பரக் குடுங்க. எப்படி ஆட்டணும்னு நானே போனுல சொல்லிருதேன்.

— வேணாம்.

— இதுல எனக்கென்ன செரமம், அண்ணாச்சி?

— வேணாம்ங்கிறேன்ல.

— என்ன, திடீர்னு மெள்ளப் பேசுறீக?

— இசக்கியம்மா வீட்ட வித்துட்டு மக ஊருக்குப் போயிட்டா தாயி. மகன் போனுல வருவான். ‘டவர் சரியில்லப்பா’ம்பான், வச்சிருவான். தெருவுல மொதல்ல எல்லாரும் வந்தாக. ஆரஞ்சு, ரொட்டின்னு கொண்டாந்து வச்சாக. பேசாத பொம்பள முன்னால எம்புட்டு நேரந்தான் உக்காருவாக? அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பொறவு எங்க வாசப்படிய ஒருத்தரும் மிதிக்கல.

— இப்ப மதினிட்ட யாரு இருக்கா?

— கதவப் பூட்டிட்டு வந்திருக்கேன்.

— பூனை கீனை எதுவும் கட்டில்ல ஏறி...

— கொழம்பு வாசன அடிக்கிற வீட்டுக்குத்தான் பூனை வரும். எனக்கு ஓட்டல் இட்லி, அவளுக்குக் கஞ்சி. பூனை எதுக்கு வரப்போகுது?

— அப்ப நீங்களே தூக்கக் கலக்கத்துல அவுக கைய இழுத்திருப்பீக.

— நான் உள்ள படுக்கிறதில்ல. வெக்கையா இருக்குன்னு அவட்டச் சொல்லிட்டு வாசல்ல கட்டிலப் போட்டுக்கிட்டேன். வெக்கையுமில்ல, ஒண்ணுமில்ல. எப்ப முழிச்சாலும் அந்தக் கண்ணு என்னையவே பாத்துக்கிட்டிருக்கு. என்ன கேக்குதுன்னு தெரியல. தாங்க முடியல தாயி. கதவச் சாத்திட்டு வெளிய வந்துருவேன். பொறவு விடிஞ்சுதான் உள்ள போவேன்.

— இது ராத்திரில ஓட ஆரம்பிச்சது எப்ப, அண்ணாச்சி?

— எப்பன்னா? அப்பதான். வெளிய படுக்க ஆரம்பிச்ச பொறவுதான். நீ ஏன் எந்திரிச்சு நிக்கிற?

— நான் சொல்றதக் கேளுங்க. கை ஆடாம இது ஓடாது. அந்த வீட்டுக்குள்ள ராத்திரில மதினியத் தவிர ஆளே இல்லைங்கிறீக.

— அவ கைதான் செத்துப்போச்சே. டாக்டரே சொல்லிட்டாரே.

— டாக்டர் பகல்ல பாத்திருப்பாரு.

— வீட்டுச் சாவி... சட்டப்பைலதான வச்சேன்?

— அண்ணாச்சி? தண்ணி குடிக்கீகளா?

— அப்ப... நான் கதவச் சாத்துன பொறவு, ராவெல்லாம் அவ என்னையக் கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்கா.