தகட்டின் குறுக்கே ஒரு வெட்டு

கையால் செதுக்குகிறவன் காலையில் காப்பி குடிக்கக் கூடாது ஐயா. விரல் லேசாக ஆடும். எழுத்தின் வளைவில் அது தெரிந்துவிடும். அதனால்தான் நீங்கள் கொடுத்ததைத் தொடவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது நீங்கள் பிடித்து வைத்திருக்கிற எங்கள் பட்டறைப் பெயிண்டருக்காகப் பேச. அவன் மனைவி கேட்டுக்கொண்டாள். "அண்ணா, அவரு நல்லவருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கு" என்றாள். அவன் நல்லவன், எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே மற்றதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசர் பழுது பார்க்கும் பட்டறையில் காற்றுத் தொட்டிகளைச் சோதிப்பது என் பழைய வேலை. தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, தகடுகளைப் பற்றவைத்த தையலெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு சொட்டும் கசியாவிட்டால் தேறியது. பிறகு அந்தத் தொட்டியின் எண்ணையும் தேதியையும் போட்டு ஒரு பித்தளைத் தகட்டை அதில் அறைவோம். கசிந்தால், அதே தகட்டின் குறுக்கே பெரிய உளியால் ஒரு வெட்டு வெட்டி அறைவோம். வெட்டு விழுந்த தொட்டியில் யாரும் காற்று பிடிக்க மாட்டார்கள்.

மற்றவர்கள் எண் அச்சை வைத்துத் தட்டிவிட்டுப் போவார்கள். நான் செதுக்குளியால் ஒவ்வொரு எழுத்தாக எடுப்பேன். பம்ப் அடித்த கை பொழுது சாயும் வரை நடுங்கும் என்பதால், தகட்டைக் காலையிலேயே செதுக்கிவிட்டு மதியம் சோதிப்பேன். முறை அதுவல்ல. யாரும் கேட்கவில்லை. எப்போதாவது ஒரு தொட்டி கசியும். நான் இழைத்த எழுத்தை நானே வெட்டுவேன். பெற்ற பிள்ளையை அடிப்பது போலிருக்கும். ஆனாலும் வெட்டியிருக்கிறேன்.

பிறகு மோதிரம், கோப்பை என்று வெளி வேலை வர ஆரம்பித்தது. பட்டறையை விட்டுவிட்டு முழுநேரமும் செதுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "தகரத்துல பூப் போடறதுக்கா மாசச் சம்பளத்த விடறீங்க?" என்றாள் மனைவி.

"தகரமில்ல, பித்தளை."

"ஓ, அப்போ சாப்பாட்டுக்குக் கவலையில்ல!"

சிரித்துவிட்டாள், சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம். நகைக்கடை முதலாளி ஒருவர் தம் கடையிலேயே எனக்கு ஒரு மேசை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனை. பட்டறையில் என் கடைசி நாளன்று வருவார்; நான் செய்ததிலேயே சிறந்ததைக் காட்ட வேண்டும்.

அன்று காலை கடைசித் தகட்டை எடுத்தேன். எண்ணைச் சுற்றி ஒரு இலைக்கொடி. ஒவ்வொரு இலைக்கும் நரம்பு. என் வாழ்நாளில் கை அப்படி ஓடியதில்லை. முடித்ததும் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மதியம் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பம்ப் அடித்தேன். அழுத்தம் காட்டும் முள் குறியில் போய் நின்றது. அடித்தையலில் ஒரு சொட்டு திரண்டது. கட்டைவிரலால் துடைத்தேன். மறுபடியும் திரண்டது. மறுபடியும் துடைத்தேன். அதன் பிறகு நான் குனிந்து பார்க்கவில்லை.

தண்ணீரை வடித்துக் கவிழ்த்து வைத்ததும் பெயிண்டர் வந்தான். "அண்ணே, இந்தத் தையல்கிட்ட ஈரமா இருக்கே?"

"வெளிய சிந்துன தண்ணி தம்பி. தொடச்சிட்டு அடி."

"நீங்க சொன்னா சரிதான்." தன் சட்டை நுனியாலேயே துடைத்தான். "பெரிய ஆளாயிட்டா எங்கள மறந்துடாதீங்க. என் பேர செதுக்கணும்னா ஓசிலதான் செய்யணும், சொல்லிட்டேன்."

நகைக்கடைக்காரர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கே வந்துடுங்க" என்றார். பெயிண்ட் காய்ந்ததும் தகட்டை அறைந்துவிட்டுக் கிளம்பினேன்.

சோதனைக்கு ஏற்றும் அழுத்தம் அதிகம், அன்றாட உபயோகத்தில் அவ்வளவு ஏறாது, ஒரு சொட்டு பெரிய விஷயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதைப் பாதி நம்புகிறேன்.

அந்தத் தொட்டி ஒரு பஞ்சர் கடைக்குப் போயிற்று. வெடித்தபோது கடைக்காரர் பக்கத்தில் குனிந்து சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தார். நடந்தது உங்களுக்குத் தெரியும். தகடு மட்டும் தெறித்துப் போய்த் தெருவில் கிடந்தது. உங்கள் ஆட்கள் அதை என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேர்த்தியா எழுதுறவரா சோதனையில கோட்டை விடுவாரு?" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பெயிண்டரைக் கேட்டார்கள். "அண்ணன் பம்ப் அடிச்சத என் கண்ணால பாத்தேன். தேறாத தொட்டிய அவரு அனுப்பவே மாட்டாரு" என்றிருக்கிறான். அப்படியானால் சோதனைக்குப் பிறகுதான் பழுது வந்திருக்க வேண்டும். அவன்தான் தொட்டியைக் கீழே போட்டு, விரிசலைப் பெயிண்ட் பூசி மறைத்திருக்கிறான் என்று முடிவாயிற்று. எனக்காகச் சொன்ன வார்த்தையே அவனை உள்ளே தள்ளிவிட்டது.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை ஐயா. அவன் வீட்டுக்கு மளிகை வாங்கிப் போடுகிறேன். செத்துப்போனவரின் மனைவி அவருடைய கைக்கடிகாரத்தின் பின்னால் பேர் போட வந்தாள், காசு வாங்கவில்லை. "உங்க கை நல்லாருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். கை நன்றாகத்தான் இருக்கிறது. இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்துகொண்டே போனால் ஒருநாள் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த ஈரத்தைப் பற்றி அவன் உங்களிடம் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டான் என்று நிம்மதியாக இருந்தேன். இன்று காலை அவன் மனைவிதான் சொன்னாள்: "ஏதோ ஈரமா இருந்துச்சாம் அண்ணா. அதச் சொன்னா உங்களத் தேவையில்லாம அலைக்கழிப்பாங்களாம். 'அண்ணன் இப்பதான் புதுசா தொழில் ஆரம்பிச்சிருக்காரு, பாவம்'னாரு."

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. நேரே இங்கே வந்தேன்.

அவனை அனுப்பிவிடுங்கள். தொட்டி கசிந்தது, நான் பார்த்தேன், தெரிந்தேதான் அறைந்தேன். பஞ்சர் கடைக்காரரைக் கொன்றது நான். தகட்டின் குறுக்கே வெட்ட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டீர்கள். சுத்தியலால் ஒரே அடி, அவ்வளவுதான். இதோ, அந்தத் தகட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்து என் எதிரிலேயே வைத்திருக்கிறீர்கள். இப்போதும் பாருங்கள், இலைகள்மேல் படாமல் எந்த இடத்தில் வெட்டலாம் என்றுதான் என் கண் தேடுகிறது.