தலைவரம்மாவுக்கு ஊற்றிய முதல் கோப்பை

எங்கள் நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு பெண்மணி பிரிவுத் தலைவராக உயர்த்தப்பட்டார் என்ற மகத்தான செய்தியோடு இந்த வாக்குமூலத்தைத் தொடங்குவதே முறை. சியோல் நகரத்து மாப்போ பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பூங்கொத்தெல்லாம் வைத்தார்கள். காலம் மாறிவிட்டது என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

வாசல் பலகையில் கரப்பான், கறையான் ஒழிப்பு என்று இருக்கும். நாங்கள் ஒழித்தது மனிதர்களை. அதுதான் உங்களுக்கே தெரியுமே. வாடிக்கையாளர்கள் எல்லாம் பெரிய இடம். ஓர் ஆளைத் தீர்த்துக்கட்டச் சொல்வதற்கு முன், நிர்வாகத்தில் பெண்கள் உண்டா என்று இப்போதெல்லாம் விசாரிக்கிறார்கள்.

அப்படி உயர்த்தப்பட்ட மெங் சுன்ஹே திறமைசாலி. என் கீழ் வேலை பார்த்தவள். அலுவலக விருந்துகளில் அடுப்பில் வேகும் பன்றி இறைச்சியைக் கத்தரிக்கோலால் துண்டாக்கி என் தட்டில் வைப்பாள். பெண் என்பதால் அவளிடம் அந்த வேலையைக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம். கத்தரிக்கோல் எப்போதும் அவள் பக்கம்தான் இருக்கும். நான்தான் நகர்த்தி வைப்பேன்.

அந்தப் பதவி எனக்கு வரவேண்டியது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பாராட்டு விருந்திலும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன். இறைச்சி வெந்ததும், அவள் பேச்சு மும்முரத்தில் கத்தரிக்கோலை என் பக்கம் நகர்த்தினாள்.

வெட்டினேன். பிறகு அவளுக்கு முதல் கோப்பை மதுவை நான்தான் ஊற்றுவேன் என்றேன். மருந்து எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். தச்சனிடம் ஆணி இருப்பதைப்போல. மேலதிகாரிக்கு ஊற்றுகிற முறைப்படி, இரண்டு கையாலும் ஊற்றினேன்.

அவள் கோப்பையைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல. யாராச்சும் எனக்காகக் குடிச்சிடுங்களேன்" என்றாள்.

பெண்ணால் முடியாதபோது ஓர் ஆண் அவளுக்காகக் குடிப்பது எங்கள் ஊர் வழக்கம். கறுப்பு வீரன் என்போம். அன்று வீரனாக எழுந்தது எங்கள் டிரைவர். ஐம்பதைத் தாண்டியவர், வங்கியில் ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். எங்களிடம் ஒப்பந்த ஊழியர். திங்கட்கிழமை ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கும் கையெழுத்து இனி அவளுடையது.

"குடுங்க தலைவரம்மா, நான் குடிக்கிறேன். திங்கக்கிழமை என்னைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்."

"யோவ், அப்போ வண்டிய யாருய்யா ஓட்டுவா?" என்றான் ஒருவன்.

"வாடகைக்கு ஒருத்தரைக் கூப்பிட்டுக்கலாம் சார். டிரைவருக்கே ஒரு டிரைவர். ஒரு நாளாச்சும் நானும் பின்சீட்டுல உக்காந்து பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோப்பை கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. அவருக்கு முந்தைய கை என்னுடையது. கீழ்நிலை ஊழியர் என்பதால் ஒற்றைக் கையால் நீட்டினேன். மேலதிகாரிகள் முன்னால் குடிப்பதால், மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். மூத்தவன் ஒருவன் அடுத்தவர் கோப்பையைப் பிடுங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். தவிர, சுன்ஹேவுக்கு ஒரு கீறலும் இல்லை. பெண்கள்மீது எனக்கு வெறுப்பு கிடையாது என்பதற்கு அதையே சாட்சியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இறந்தவரின் பெயரா. ஏழு வருடம் என் வண்டியை ஓட்டினார். டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் எனக்குத் தெரியாது.